மணல் தின்னும் தெரு: தோசூரிலிருந்து மூன்று நாள்

நாள் 1: தோசூர்

துனிசியாவின் தென்மேற்கு மூலையில், அல்ஜீரிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது தோசூர். இங்கே எந்தச் சுற்றுலா ஏஜென்சிக்குள் நுழைந்தாலும் இரண்டு பயணங்களைத்தான் நீட்டுவார்கள். காலையில் மலைச் சோலைகள்: ஷெபிகா, தமெர்ஸா, மிதெஸ். மாலையில் பாலைவனம்: ஓங் ஜெமல் பாறையும், ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் படத்துக்குப் போட்ட செட்டும். இரண்டையும் சேர்த்து ஒரே நாளாகவும் எடுக்கலாம். சேர்த்து எடுப்பதுதான் சரி, ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

விலை ஆளுக்கா, வண்டிக்கா? வண்டியில் எத்தனை பேர்? டிரைவர் பேசும் மொழி எது? ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம்? கடைசிக் கேள்விதான் முக்கியம். கேட்காமல் விட்டால் மூன்று சோலைகளிலும் இருபது இருபது நிமிடம், நடுவே ஒரு நினைவுப்பொருள் கடையில் நாற்பது நிமிடம் என்று காலை கரைந்துவிடும். ஷெபிகாவுக்கு ஒரு மணி நேரம், பழைய தமெர்ஸாவுக்கு நாற்பது நிமிடம் என்று பேசி, ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிய காகிதத்துக்கு டிரைவர் கட்டுப்படுவார், வாய்ப்பேச்சு அலுவலகத்தோடு சரி.

வண்டி பெரும்பாலும் டொயோட்டா லேண்ட் குரூசர். டிரைவர் போக ஆறு பேரை ஏற்றுவார்கள். பின்வரிசை மணல்மேட்டில் தூக்கிப் போடும். இடுப்புவலிக்காரர்களும் வாந்தி வருபவர்களும் நடுவரிசையைக் கேட்டு வாங்க வேண்டும். ஆறு பேர் நிரம்ப வேண்டுமே என்று காத்திருப்பதைவிட, நான்கு பேர் சேர்ந்து முழு வண்டியையும் பிடிப்பது நல்லது. எங்கே நிறுத்த வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பது அப்போதுதான் உங்கள் கையில் இருக்கும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. துனிசிய தினார் நாட்டுக்குள் மட்டும் புழங்கும் காசு. மிச்சத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது, திரும்ப மாற்ற வேண்டுமானால் மாற்றிய ரசீது வேண்டும். ஒரு தினாருக்கு 1000 மில்லிம். அதனால் விலைச்சீட்டில் 8,500 என்று இருந்தால் அது எட்டரை தினார். எட்டாயிரத்து ஐந்நூறு என்று வாசித்துப் பயந்துபோய்க் கடையை விட்டு வெளியேறுபவர்கள் உண்டு.

ஊருக்குள் பார்க்க வேண்டியது உலெத் எல் ஹதெஃப் பழைய குடியிருப்பு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுவரில் இருப்பது பெயருக்குத்தான் செங்கல், நிறமென்னவோ வெளிர் மஞ்சள். களிமண்ணும் மணலும் கலந்து கையால் அச்சில் அடித்து, சூளையில் சுட்ட மெல்லிய சிறு கற்கள். சுவர் எழுப்பும்போது சில கற்களைக் கொஞ்சம் வெளியே துருத்த விட்டும் சிலவற்றை உள்ளே தள்ளியும் அடுக்கியிருக்கிறார்கள். பூச்சு கிடையாது, வண்ணம் கிடையாது. நிழல்தான் கோலம். உச்சிவெயிலில் போய்ப் பார்த்துவிட்டு ‘வெறும் சுவர்தானே’ என்று திரும்புபவர்கள் நேரத்தைத் தவறாகத் தேர்ந்தவர்கள். வெயில் சுவரோரமாகச் சாய்ந்து விழும் காலை ஒன்பது மணிக்குமுன், அல்லது மாலை ஐந்துக்குமேல் போனால் முக்கோணமும் சாய்சதுரமும் சுவரிலிருந்து எழுந்து நிற்கும். துருத்திய கல் தன் கீழுள்ள சுவருக்கு நிழல் கொடுப்பதால் வீட்டுக்குள் சூடும் குறைகிறது. பழைய கதவுகளில் தட்டும் வளையம் மூன்று இருக்கும்: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, குழந்தைக்குத் தாழ்வாக ஒன்று. ஓசை மூன்றும் வேறு. வந்திருப்பது யார் என்று தெரிந்தபின்தான் உள்ளிருந்து யார் எழுந்து வருவது என்பது முடிவாகும்.

மாலையில் பேரீச்சந்தோப்பு. மார்ச் என்பதால் மகரந்தம் சேர்க்கும் பருவம். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பினால் காய்ப்பு குறையும். ஆள் மேலேறி, வெடித்த பெண் பாளைக்குள் ஆண் பூவின் இரண்டு மூன்று சரங்களைத் தலைகீழாகச் செருகி, ஓலை நாரால் தளர்வாகக் கட்டிவிட்டு இறங்குகிறார். இறுக்கிக் கட்டினால் பாளை விரியாது. கட்டாமலே விட்டால் காற்று சரத்தை உருவிக் கொண்டுபோகும். ஒரு ஆண் மரம் ஐம்பது பெண் மரத்துக்குப் போதும் என்பதால் தோப்பில் ஆண் மரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலைக்குப் பலன் அக்டோபர், நவம்பரில் தெக்லெத் நூர் பழமாக வரும். நல்ல பழத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே கொட்டை நிழலாகத் தெரியும். கடையில் வாங்கும்போது செய்து பார்க்கலாம்.

பேரீச்சை நிழலில் மாதுளை, அத்தி, அதற்கும் கீழே காய்கறி என்று மூன்று அடுக்காகப் பயிர். இந்தத் தோப்பின் நீர்ப்பங்கீட்டை 13-ஆம் நூற்றாண்டில் இப்னு ஷப்பாத் என்ற அறிஞர் வகுத்தார். யாருக்கு எவ்வளவு நேரம் வாய்க்கால் திறப்பது என்பதை அளக்க, அடியில் துளையிட்ட ஒரு ஜாடியில் நீர் நிரப்பித் தொங்கவிடுவார்கள். அதன் பெயர் கதூஸ். ஜாடி காலியானால் ஒரு அளவு. நாழிகை வட்டிலைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இன்று அந்த ஊற்றுகள் வற்றிவிட்டன. தோப்பு குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீரை.

நாள் 2: மலைச் சோலைகள், பிறகு மணல்

காலை எட்டு மணிக்கு வண்டி. பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும். மிதெஸ் எல்லையை ஒட்டிய ஊர், வழியில் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். அறையில் வைத்துவிட்டு வந்தால் வண்டி முழுவதும் உங்களுக்காகத் திரும்ப வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் இரண்டு பாட்டில், தலைக்குத் துணி, மாலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர்.

ஷெபிகா தோசூரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வழி தட்டையான உப்புப் படுகை. இடதுபுறம் தெரிவது ஷொத் எல் கர்ஸா, கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் நிலம். எதிரே திடீரென்று மலை. அந்த மலையின் முதல் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது ஷெபிகா. ரோமானியர் காலத்தில் இதன் பெயர் அத் ஸ்பெகுலும். பாலைவன எல்லையைக் காத்த காவல்நிலை வரிசையில் ஒன்று. வெயிலைக் கண்ணாடியில் வாங்கி அடுத்த காவல்நிலைக்குச் சமிக்ஞை அனுப்பினார்கள் என்பார்கள். அதைக் கதை என்று தள்ளிவிடாமல் பழைய ஊரின் மேல்முனையில் நின்று பாருங்கள். தெற்கே கண்ணுக்கு எட்டும் தூரம் முழுக்க மறைப்பே இல்லாத சமவெளி. காவல்நிலை வைக்க ஒருவன் தேடினால் இந்த இடத்தைத்தான் தேர்வான்.

நடை ஒரு வளையம்: பாழடைந்த ஊர் வழியாக ஏறி, பாறை இடுக்கைத் தாண்டி மறுபக்கம் படியிறங்கி, ஊற்று, சிற்றருவி, பிறகு பேரீச்சை ஓரமாக வாகன நிறுத்தத்துக்கு. நிதானமாக நடந்தால் ஐம்பது நிமிடம். இறங்கும் படிகளில் உருண்டைக் கல் கிடக்கும், செருப்போடு வந்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஊற்றை முதலில் பார்த்துவிட்டு எதிர்த்திசையில் ஏறலாமே என்று தோன்றும். வேண்டாம். எல்லாக் குழுக்களும் ஒரே திசையில் வருவதால் குறுகிய படியில் முட்டிக்கொண்டு நிற்க நேரிடும். கடைகளில் பாதி வெட்டிய கல்லுக்குள் மின்னும் ஊதாப் படிகம், ஆரஞ்சுப் படிகம் விற்பார்கள். நிறம் கண்ணைப் பறித்தால் சாயம் என்று சந்தேகப்படலாம். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தால் சில சமயம் அங்கேயே தெரிந்துவிடும். பாலை ரோஜா மட்டும் நம்பி வாங்கலாம். மணலைச் சேர்த்துக்கொண்டு இதழிதழாக வளர்ந்த ஜிப்சம் அது. விரலிடுக்கில் உடையும் பொருள், துணியில் சுற்றிக் கைப்பையில்தான் வர வேண்டும்.

தமெர்ஸாவில் எல்லா வண்டியும் அருவிக்குத்தான் போகிறது. அருவி சுமார்தான். குற்றாலம் பார்த்த கண்ணுக்கு அது வாய்க்கால் மதகு. பார்க்க வேண்டியது ஆற்றுப்படுகைக்கு மேலே நிற்கும் பழைய ஊர். 1969-இல் 22 நாள் விடாமல் மழை. மழையே பாராத ஊர்கள் என்பதால் வீடுகள் எல்லாம் கீழே கல் அடுக்கு, அதன்மேல் சுடாத மண், மேலே பேரீச்சந்தண்டு பாவிய தட்டைக் கூரை. இப்படிப்பட்ட வீட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போவது ஒரு பங்கு. கூரை மண் நீரைக் குடித்து எடை கூடி, தண்டு முறிந்து, உள்ளிருந்தே உட்கார்ந்துவிடுவது பெரும்பங்கு. ஷெபிகா, தமெர்ஸா, மிதெஸ் மூன்று ஊர்களும் அந்த மழைக்குப்பின் கைவிடப்பட்டு, பக்கத்திலேயே புது ஊர்கள் எழுந்தன. பழைய தமெர்ஸாவில் ஒரு வீட்டின் உள்ளே நின்று பார்த்தால் சுவரின் மேல்பாதி மெழுகு உருகியதுபோல் வழுவழுப்பாகவும், கீழே கல் அடுக்கு அப்படியே கூர்மையாகவும் இருக்கும். மழை எதைத் தின்றது, எதைத் தின்ன முடியவில்லை என்பது சுவரிலேயே எழுதியிருக்கிறது. மதில்மேல் ஏறாதீர்கள். இன்றும் சரிகிறது.

இந்த ஊருக்கு வழக்கமாகக் கொடுப்பது பத்து நிமிடம், அதுவும் எதிர்க்கரையிலிருந்து ஒரு புகைப்படம். ரசீதில் எழுதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

மிதெஸில் விளிம்பில் நின்று குறுகிய பள்ளத்தாக்கை எட்டிப் பார்ப்பது, இருபது நிமிடம் போதும். தடுப்பு கிடையாது, விளிம்பில் உதிர்கல். குழந்தைகளைக் கையில் பிடித்திருக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குத் தோசூர் திரும்பிச் சாப்பாடு. ‘பிரிக்’ என்று ஒன்று கேளுங்கள்: மெல்லிய மாவுத்தாளில் முட்டையை உடைத்து ஊற்றி மடித்து எண்ணெயில் பொரித்தது. மஞ்சள்கரு ஓடும் பதத்தில் வரும், சட்டையில் சிந்தாமல் தின்பது ஒரு வித்தை.

மூன்று மணிக்கு மறுபடி கிளம்பி நெஃப்தா பக்கம். தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நல்ல டிரைவர் இறங்கி டயர் காற்றை இறக்குவார். தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ அளவில் இருந்தது மணலுக்கு 18, 20 வரை குறையும். காற்று குறைந்த டயர் நீளவாட்டில் தட்டையாகி அதிக மணலில் கால் பதிக்கும், அதனால் புதையாமல் மேலே மிதக்கும். பழகிய தடம் என்பதால் சிலர் இறக்குவதே இல்லை. அப்படிப்பட்ட வண்டிதான் மேட்டின் முதுகில் வயிறு தட்டி நிற்கிறது. நின்றதும் ஆக்சிலேட்டரை அழுத்தினால் சக்கரம் இன்னும் தோண்டிக்கொள்ளும். எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பதுதான் வழி. திரும்பும்போது இன்னொன்றைக் கவனியுங்கள்: குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் சூடாகி வெடிக்கும். காற்று நிரப்பாமல் ஓட்டினால் மெதுவாகப் போகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நான்கு மணிக்குள் மோஸ் எஸ்பா. 1999-இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்காக 1997-இல் கட்டிய தெரு. படப்பிடிப்பின்போதே ஒரு இரவுப் புயல் செட்டைக் குலைத்துப் போட, மறுபடி நிமிர்த்தி எடுத்தார்கள். முன்பக்கம் பார்த்தால் குவிமாடமும் வளைவுமாக ஆயிரம் வருட ஊர். அதனால் முதலில் பின்பக்கம் போங்கள். மரச்சட்டம், அதன்மேல் கோழிக்கூட்டு வலை, வலைமேல் பூச்சு, அவ்வளவுதான். விரலால் தட்டினால் தகர டப்பா ஒலிக்கும். உடைந்த மூலையில் கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். கீறினால் ஊசி போட மருத்துவமனை தோசூரில்தான். கூரைமேல் ஏறிப் படம் எடுப்பவர்களை இந்தப் பூச்சு தாங்காது.

செட்டைவிடச் சுவாரசியமானது அதைத் தின்ன வரும் மணல்மேடு. பிறை வடிவ மேடு, பெயர் பர்கான். காற்று வரும் பக்கம் சரிவு மெதுவாக இருக்கும், மணல் அதன்மேல் ஊர்ந்து உச்சிக்குப் போகும். மறுபக்கம் செங்குத்து, உச்சி தாண்டிய மணல் அதில் சரிந்து விழும். பின்னிருந்து எடுத்து முன்னால் போட்டு மேடு நடக்கிறது. பிறையின் இரண்டு கொம்பும் போகும் திசையைக் காட்டும். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் 2013-இல் சொன்ன கணக்கு: இங்குள்ள பெரிய மேடு ஆண்டுக்கு ஏறத்தாழ 15 மீட்டர் நகர்கிறது. சராசரியாக நாளுக்கு நான்கு சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரற்கடை. உண்மையில் அப்படிச் சீராக நகராது. பல வாரம் சும்மா கிடந்து ஒரு புயலில் பாய்ந்துவிடும். 2014-இல் இயந்திரம் வைத்து மணலை அள்ளினார்கள். அதே வருடம் பிப்ரவரியில் செட்டுக்குள்ளேயே மின்னிசை விழாவும் நடந்தது. அள்ளிய இடத்தில் காற்று மறுபடி கொட்டும். செட்டின் ஓரத்தில் ஒரு கதவு முழங்கால் அளவு புதைந்திருந்தால் அது கலை இயக்குநரின் வேலை என்று நினைத்துவிட வேண்டாம்.

லென்ஸ் மாற்றுவது, டிரைபாட் கால்களை மணலில் நீட்டுவது எல்லாம் இங்கே கூடாது. மாவுபோன்ற மணல், ஒருமுறை உள்ளே போனால் திருகும்போதெல்லாம் கரகரக்கும். தெற்கிலிருந்து வரும் சூடான ஷெஹிலி காற்று அடித்தால் போனை உறைக்குள் போட்டு, வண்டிக்குள் உட்கார்ந்துகொள்வதுதான் புத்தி. அன்று புகைப்படம் கிடையாது.

ஐந்தரைக்கு அங்கிருந்து கிளம்பி ஓங் ஜெமல். ‘ஒட்டகக் கழுத்து’ என்று பொருள். தலையும் கழுத்துமாக ஒட்டகம் படுத்திருப்பதுபோலத் தெரிவது ஒரு கோணத்திலிருந்து மட்டும்தான். வண்டி நிற்கும் இடத்திலிருந்து பார்த்துவிட்டு ‘எங்கே ஒட்டகம்?’ என்று கேட்காமல் பாறையைச் சுற்றி நடக்க வேண்டும். ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ (1996) படத்தின் பாலைவனமும் இந்தப் பக்கத்தில் எடுத்ததுதான். மார்ச் நடுவில் சூரியன் மறைவது ஆறரை மணி வாக்கில். பெரும்பாலான வண்டிகள் முதலில் ஓங் ஜெமல், கடைசியில் செட் என்று வரும். வரிசையை மாற்றினால் இரண்டு இடத்திலும் கூட்டம் குறைவு. மறைந்த பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள். இருட்டியபின் தடமும் தடமில்லாததும் ஹெட்லைட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நாள் 3: ஒரு வீடு, இரண்டு இடம்

நேற்றைய பயணத்தில் சேராத ஒன்று, வெள்ளைக் குவிமாட வீடு. நெஃப்தா தாண்டி ஹஸுவா எல்லைச் சாவடிக்குப் போகும் சாலையில், உப்பு வெளியில் தனியாக நிற்கிறது. விடியலிலேயே போய்விட்டு ஒன்பது மணிக்குள் தோசூர் திரும்பலாம். முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் இரண்டு சூரியன் மறையும் புகழ்பெற்ற காட்சியின் வீடு. 1976-இல் கட்டிய குவிமாடம் போய்விட்டது, இப்போது நிற்பது 2000-இல் அதே வரிசையில் பின்னால் வந்த ஒரு படத்துக்காக எழுப்பியது. 2012-இல் ரசிகர்கள் பணம் திரட்டிப் பழுதுபார்த்தார்கள். உள்ளே அறை எதுவும் கிடையாது, வெறும் ஓடு.

இங்கே ஆபத்து நிலம்தான். மேலே உப்பும் ஜிப்சமும் காய்ந்த ஓடு, கீழே சேறு. வெள்ளையாக, காலால் தட்டினால் கெட்டியாக இருக்கும் இடம் தாங்கும். பழுப்பாக, ஈரப் பளபளப்போடு இருந்தால் தாங்காது. பழைய சக்கரத் தடத்தை விட்டு விலகக் கூடாது. மழை பெய்த வாரத்தில் போகவே வேண்டாம், வண்டி அச்சு வரை இறங்கினால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

பிறகு கிழக்கே, ஷொத் எல் ஜெரீத் உப்பேரியின் நடுவே போடப்பட்ட கரைச்சாலையில் கெபிலி. சாலைக்கு மண் தோண்டிய பள்ளங்களில் தேங்கிய நீர் சில இடத்தில் இளஞ்சிவப்பு. பத்து மணிக்குமேல் தூரத்தில் ஏரி, அதில் மிதக்கும் லாரி என்று கானல் விளையாடும். நடுவழிக் கடைகளில் நிறுத்தி ஒரு தேநீர் குடிக்கலாம், அவ்வளவுதான்.

கெபிலி தாண்டி இன்னும் கிழக்கே, மத்மாத்தா என்ற ஊரில் அந்தக் குவிமாட வீட்டின் முற்றம் இருக்கிறது. படத்தில் வாசல்படி இறங்கினால் முற்றம். உண்மையில் இரண்டுக்கும் நடுவே சாலைவழி இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இங்கே பழைய வீடுகள் கட்டியவை அல்ல, தோண்டியவை. மென்மையான மண்ணில் ஆறேழு மீட்டர் ஆழத்துக்கு வட்டக் குழி, அதுதான் முற்றம். குழியின் சுவரில் பக்கவாட்டில் குடைந்தவை அறைகள். மேலிருந்து சாய்வான சுரங்கப்பாதை, அது வாசல். கூரைக்கு மரமே தேவையில்லை. கோடையிலும் குளிரிலும் அறையின் சூடு பெரிதாக மாறாது. சித்தி திரிஸ் ஹோட்டல் இப்படிப்பட்ட பல குழிகளைச் சுரங்கவழியால் இணைத்தது. 1976-இலும் 2000-இலும் இங்கே படம் எடுத்தார்கள். இரண்டாம் முறை வைத்த கதவுச்சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. சாப்பாட்டறை விதானத்தின் ஓவியத்தை அண்ணாந்து பார்க்க மறக்க வேண்டாம். அறைகள் எளிமையானவை, குளியலறை பொது. தங்காமல் உள்ளே சுற்றிப் பார்க்கவும் விடுவார்கள்.

மற்ற குழிவீடுகள் சிலவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன. விளிம்பில் நின்று கீழே கேமராவைக் காட்டுவது மாடியிலிருந்து அடுத்த வீட்டு அடுக்களையை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். அழைத்தவர் வீட்டுக்குள் மட்டும் போய், தேநீர் குடித்து, கிளம்பும்போது கொஞ்சம் பணம் கொடுப்பது இங்கே வழக்கம்.

சொந்த வண்டி இல்லாதவர்கள் திரும்புவதை மதியத்துக்குள் யோசிக்க வேண்டும். இங்கிருந்து கபேஸ் நகருக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ‘லூவாஜ்’ என்ற பங்கு வேன் எட்டுப் பேர் நிரம்பினால்தான் கிளம்பும், மாலை சாயச் சாய எட்டுப் பேர் சேர்வது அரிது. கபேஸில் இறங்கியபின் வேனின் கோட்டு நிறத்தைப் பார்த்து ஏறுங்கள்: சிவப்புக் கோடு தூர ஊர்களுக்கு, நீலம் அந்த வட்டாரத்துக்குள், மஞ்சள் சுற்றுக் கிராமங்களுக்கு.